ஒரே அறை, இரண்டு குடும்பங்கள்: மலையில் லாராவெல் செயலி எழுதியவர்களின் அனுபவங்கள்

ஏரிச்சாலை, கொடைக்கானல்

இரண்டு வருடமாகிறது, இன்னும் மனதை விட்டு அகலவில்லை. சித்தி கொடைக்கானலில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார். முன்பதிவுச் செயலியை, பிஎச்பி நிரல்மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான லாராவெல்லில், நான்தான் எழுதிக் கொடுத்தேன். அறை காலியா என்று பார், காலி என்றால் பதிவு செய். எல்லோரும் முதலில் எழுதுவது போலத்தான்.

மே மாதம், சனிக்கிழமை விடியற்காலை நாலே முக்கால். இரவு பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு குடும்பம் கதவைத் தட்டியது. விடியலில் வருகிறவர்கள் என்பதால் வெள்ளி இரவுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தார்கள். அதே அறையில் வேறொரு குடும்பம் முந்தைய மாலையே வந்து தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்ற பாட்டியின் மப்ளரில் பனித்துளி கோத்திருந்தது. மகன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். நான் எழுதிய அஞ்சல், நான் தேர்ந்தெடுத்த பச்சை நிறத்தில் ‘உறுதி செய்யப்பட்டது’.

தரவுத்தளத்தில் முன்பதிவு அட்டவணையைத் திறந்து பார்த்தேன். இரண்டு பதிவுகளுக்கும் நேரம் 15:44:08. லாராவெல் வழக்கமாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் கணக்கில் இரவு 9:14. நொடிகூட மாறவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தபோது அறை காலியாகத்தான் இருந்திருக்கிறது. அன்றே எல்லாவற்றையும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, முன்பதிவு அட்டவணையைத் தேடும் இடத்தில், கிடைக்கும் அட்டவணை வரியை மற்றவர் மாற்றாதபடி பூட்டும் ‘லாக் ஃபார் அப்டேட்’ சேர்த்துவிட்டேன்.

இலைச்சீட்டு, கோத்தகிரி

எனக்கு வந்தது 419 என்ற பிழை.

சிறு விவசாயிகள் பசுந்தேயிலையைக் கொண்டுவந்து எடை போடும் இடம். அதுவரை காகிதச் சீட்டு. அன்றுதான் என் செயலி முதல்முறையாக ஓடியது. பதினொரு மணிக்குப் படிவத்தைத் திறந்தேன். மூட்டை வர வர, ஒரே படிவத்தில் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டே போனேன். ஒன்றரை மணிக்குச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘பக்கம் காலாவதியாகிவிட்டது’. பின்னால் போனால் எல்லாக் கட்டங்களும் காலி. மூட்டைகள் அதற்குள் லாரியில் ஏறிவிட்டன.

பக்கத்து ஹட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா நகரவே இல்லை. “43 கிலோ, தம்பி. நீதான் வாய்விட்டுச் சொன்னாய்” என்றார். நான் காகிதத்தில் 43 என்று எழுதி, அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கூடையை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் எடையையும் அவரவர் வாய்மொழியாகவே எழுதினேன். குறைவாகச் சொல்லிவிட்டு யாராவது வீடு திரும்பியிருப்பார்களோ என்று இன்றும் தோன்றுகிறது.

லாராவெல்லில் செஷனின் (சர்வர் ஒருவரை நினைவில் வைத்திருக்கும் நிலை) ஆயுள் வழக்கமாக 120 நிமிடம். இடையில் சர்வருக்கு எந்தக் கோரிக்கையும் போகாவிட்டால் செஷன் இறந்துவிடும். கோரிக்கை நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்ட, படிவத்தில் இருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற ரகசியக் குறி அதன்பின் செல்லாது. முதலில் அந்த 120-ஐ ஏற்றினேன். அது தவறான மருந்து. மூடுபனி நாளில் சிக்னல் போனால் என்ன செய்வது? இப்போது ஒவ்வோர் எடையும் முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்படுகிறது. அங்கேயே அதற்கு ஒரு தனி எண்ணும் உருவாகிறது. சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகிறது. அதே எடை இரண்டு முறை போனாலும் எண் ஒன்றுதான் என்பதால் பதிவும் ஒன்றாகவே இருக்கும்.

சீகைமரம், குன்னூர்

ஏரிச்சாலை நண்பரே, உங்கள் திருத்தம் சரியில்லை. இதைச் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை.

‘லாக் ஃபார் அப்டேட்’ இருக்கும் வரியைத்தான் பூட்டும். காலி அறைக்கு முன்பதிவு அட்டவணையில் வரியே கிடையாது. பிறகு எதைப் பூட்டுவது? மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில், வழக்கமான ‘ரிப்பீட்டபிள் ரீட்’ தனிமை நிலையில், வரி இல்லாவிட்டாலும் அது வரவேண்டிய இடைவெளிக்குப் பூட்டு விழும். ஆனால் இடைவெளிப் பூட்டை இரண்டு பேர் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். இருவரும் பதிவு செய்யப் போகும்போது ஒருவருக்காக ஒருவர் காத்துக்கிடந்து, பிழை எண் 1213, டெட்லாக். ஒருவர் தப்பிப்பார், இன்னொருவர் கண்முன் வெறும் 500 (சர்வர் பிழை) பக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இந்த இடைவெளிப் பூட்டே இல்லை. அங்கே உங்கள் பாட்டி மறுபடியும் பனியில்தான் நிற்பார்.

அறைகள் அட்டவணையில் அந்த அறையின் வரியைப் பூட்டுங்கள். அது எப்போதும் இருக்கும். இரண்டாவது ஆள் வரிசையில் நிற்பார். அதோடு நிறுத்தாதீர்கள். ஓர் இரவுக்கு ஒரு வரி என்று தனி அட்டவணை வைத்து, அறை எண்ணும் தேதியும் சேர்ந்த யுனீக் இண்டெக்ஸை (ஒரே ஜோடி இரண்டு முறை வரவிடாத விதி), அட்டவணை அமைப்பை மாற்றும் மைகிரேஷனிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் நிரல் எங்கே தவறினாலும் தரவுத்தளம் 1062 (இரட்டைப் பதிவுப் பிழை) என்று சொல்லித் தடுத்துவிடும். லாராவெல் 10 முதல் இதற்கென்றே தனி எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) இருக்கிறது. அதைப் பிடித்து நல்ல தமிழில் ஒரு செய்தி காட்டலாம். ரத்து செய்யும்போது அந்த இரவு வரிகளை உண்மையாகவே நீக்க வேண்டும். நீக்கியதாகக் குறி மட்டும் போடும் ‘சாஃப்ட் டெலீட்’ வைத்தால் வரி அங்கேயே கிடக்கும், ரத்தான அறையை யாரும் எடுக்க முடியாது. டிரான்சாக்‌ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 3 கொடுத்தால் டெட்லாக்கில் மூன்று முறை வரை முயலும். ஆனால் காலியா என்று பார்க்கும் நிரல் வரியும் அதன் உள்ளேயே இருக்க வேண்டும்.

என் கதை சிறியது. வாடகை ஜீப், சீசன் நேரம், ஒரே ஜீப்புக்கு மூன்று பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஓட்டுநர் என்னிடம் சாவியை நீட்டி, “யாரை ஏற்றுவது என்று நீங்களே சொல்லுங்கள், சார்” என்றார். அந்தச் சாவியை வாங்க என் கை எழவில்லை.

வாழைத்தார், பண்ணைக்காடு

பூட்டு விவகாரத்துக்குள் நான் வரவில்லை. என்னுடையது எழுத்து விவகாரம்.

வத்தலக்குண்டுக்கு லாரியில் போகும் மலைவாழைத் தார்களுக்குச் சரக்குச் சீட்டு. ஊர்ப் பெயருக்கு இடம் குறைவு என்று, சொல்லை வெட்டும் பிஎச்பியின் ‘சப்ஸ்டர்’ போட்டு 20-ல் வெட்டினேன். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது அழகாக வந்தது. முதல் நாள் ஒரு பெரியவர் சீட்டைக் கண்ணுக்கருகில் பிடித்துப் படித்தார். ‘தாண்டி’, அதற்குப் பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. “எதைத் தாண்டி, தம்பி? எங்கள் ஊர் எங்கே?” என்றார். அவர் ஊர் தாண்டிக்குடி.

‘சப்ஸ்டர்’ பைட்டுகளைத்தான் எண்ணும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். தாண்டிக்குடி நம் கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியையும் துணைக்காலையும் இகர, உகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணினால் 12. பைட் கணக்கில் 36. இருபதாவது பைட் ‘க்’ நடுவில் விழுந்துவிட்டது. பிறகு, பைட்டுக்குப் பதில் குறிகளை எண்ணும் ‘எம்பி சப்ஸ்டர்’ போட்டு 10-ல் வெட்டினேன். கேள்விக்குறி போயிற்று, ஆனால் என் சொந்த ஊர் ‘பண்ணைக்காட’ என்று வந்தது. பிஎச்பியின் இன்ட்ல் நீட்டிப்பில் உள்ள ‘கிராஃபீம் சப்ஸ்டர்’தான் எழுத்தை எழுத்தாக எண்ணுகிறது. அதன்பின் ஊர்ப் பெயரை வெட்டுவதையே விட்டுவிட்டேன். கட்டத்தை அகலமாக்கினேன், தொலைபேசி எண்ணைக் கீழ் வரிக்கு இறக்கினேன்.

ஏரிச்சாலை, கொடைக்கானல்

சீகைமரம் அண்ணா, நேற்று இரவு உட்கார்ந்து இரண்டு கணினிகளிலிருந்து ஒரே நொடியில் கோரிக்கை அனுப்பிப் பார்த்தேன். பழைய நிரலில் 1213 வந்தது, நீங்கள் சொன்னபடியே. இத்தனை நாளும் ஒரே கணினியில் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறேன். இரவு அட்டவணையையும் யுனீக் இண்டெக்ஸையும் சேர்த்துவிட்டேன். மைகிரேஷன் முதல் முறை ஓடவில்லை. பழைய பதிவுகளில் ஒரே அறைக்கு ஒரே தேதியில் இரண்டு வரிகள் இருந்தன. அந்த மே மாத வெள்ளிக்கிழமைதான்.

அன்று சித்தி தன் படுக்கையறையைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்தார். சமையலறையில் பாட்டிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது நான். இரண்டு வரிகளில் எதை நீக்குவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், அவர்கள் உண்மையில் தூங்கிய இடம் அதுதானே என்று, சித்தியின் படுக்கையறையை ஐந்தாவது அறையாகச் சேர்த்து, அந்தக் குடும்பத்தின் பதிவை அதற்கு மாற்றினேன். மைகிரேஷன் ஓடிவிட்டது.