வார ஓய்வு பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. தகவல் உரிமையில் கேட்டால் கணவருக்குப் பிரச்சினை வருமா?

கயத்தாறு செல்வி:
என் வீட்டுக்காரர் தென் மாவட்ட ஸ்டேஷன் ஒன்றில் முதல்நிலைக் காவலர். தலைமைக் காவலர் வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணை வந்தது. பேப்பரில் பார்த்து மாமியார்கூட சந்தோஷப்பட்டார். நடப்பது வேறு. வெள்ளிக்கிழமை ஓய்வு என்று ஸ்டேஷன் பதிவேடு எழுதும் ரைட்டர் எழுதுகிறார். இவர் ராத்திரி பாரா (காவல் பணி) முடிந்து காலையில் வந்து படுத்தால், பத்து மணிக்கு போன் வரும்: கோயில் கொடை பந்தோபஸ்து, ஆள் இல்லை, வா. பதிவேட்டில் என்னவோ ஓய்வு எடுத்ததாகவே நிற்கிறது. இவர் வாய் திறந்து கேட்க மாட்டார். நான் மனுப் போட்டால் இவருக்கு மெமோ வருமா?

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்):
அம்மா, அவர் கேட்காததை அவர் குறையாக நினைக்காதீர்கள். மற்ற அரசு ஊழியருக்குச் சங்கம் இருக்கிறது. போலீஸ்காரன் அனுமதியில்லாமல் சங்கத்தில் சேரவோ பத்திரிகைக்குப் பேசவோ 1966-ம் வருடச் சட்டம் விடாது. ரோல்காலில், அதாவது காலையில் வருகை எடுக்கும்போது, எழுந்து கேட்டவனுக்கு அடுத்த வாரம் முழுக்க நைட் பாரா விழுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வரும் பையன்கள் அதைப் பார்த்தே வாயை மூடக் கற்றுக்கொள்கிறார்கள்.

காவலர்களை அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதையே மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 43 வருடம்! ஆணை ஊருக்கே தெரிந்திருந்தது. எந்த அதிகாரி வீட்டில் யார் வேலை பார்க்கிறார் என்ற கணக்கு மட்டும் வெளியே வரவில்லை. வார ஓய்விலும் நமக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

இன்னொன்று. ஓய்வு நாளில் வேலை பார்த்தால் மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்று 2021 ஜூலைக் கடைசியில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார். ஓய்வு என்று எழுதிவிட்டு வேலை வாங்கினால் அந்தப் பணமும் போகிறது.

சரி, மனு விஷயம். எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பெயரில் போடாதீர்கள், ரைட்டர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது எஸ்.பி. ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பட்டும். கணவர் பெயரோ அவருடைய ஸ்டேஷன் பெயரோ அதில் வரவே கூடாது. ஆள் பெயர் போட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், வீட்டுக்குள்ளிருந்து வந்த மனு என்றும் தெரிந்துவிடும். மாவட்டம் முழுக்க, ஸ்டேஷன் வாரியாக, மாத வாரியாக எத்தனை பேருக்கு ஓய்வு கொடுத்தார்கள், எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், மிகைநேர ஊதியம் எவ்வளவு போனது என்று மட்டும் கேளுங்கள்.

பெண் காவலர், கொங்கு பக்கம்:
ஐயா சொன்னதோடு இதையும் சேருங்கள் அக்கா: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அனுமதித்த பணியிடம் எத்தனை, இருப்பவர் எத்தனை, அதில் ஓ.டி. என்று வேறு இடத்துப் பணிக்கு வெளியே போனவர் எத்தனை. எங்கள் இன்ஸ்பெக்டர் நல்லவர், ஓய்வு கொடுக்கத்தான் நினைக்கிறார். ஆளே இல்லாமல் எங்கிருந்து கொடுப்பார்? எல்லாப் பழியும் ஸ்டேஷன் மேலேயே விழுவது சரியில்லை.

2023 மார்ச்சில் மகளிர் காவலர் பொன்விழாவில், எங்களுக்கு ரோல்கால் காலை 7-க்குப் பதில் 8 மணி என்று முதல்வர் அறிவித்தார். இங்கே அது நடக்கிறது, மறுநாளே எல்லோருக்கும் நேரம் தெரிந்துவிட்டதால் யாரும் மாற்ற முடியவில்லை. அதே மேடையில் சொன்ன தனி ஓய்வறையும் எங்களுக்கு உண்டு. உள்ளே வழக்குகளில் பிடித்த பொருட்கள் அடுக்கியிருக்கின்றன. உடுப்பு மாற்ற இன்னும் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் போகிறேன்.

கயத்தாறு செல்வி:
தம்பி ஓசூரில் இருக்கிறான், அவன் பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன். பணியிடக் கணக்கையும் சேர்த்துவிட்டேன். பதில் வராவிட்டால் என்ன செய்வது ஐயா?

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ.:
30 நாள் பாருங்கள். வரவில்லை என்றாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே ஆபீஸின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. தபாலைப் பதிவுத் தபாலாக அனுப்பி ரசீதைத் தம்பியே வைத்திருக்கட்டும். வீட்டுக்காரரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் அவர் தெரியாது என்று உண்மையாகவே சொல்லலாம்.