சிறுகுறிஞ்சான்னு குடுத்தாங்க, ஆனா பூ பச்சையா இருக்கு. இது என்ன கொடி?

சேலத்து மாடி:
வணக்கம் மக்களே, அப்பாவுக்கு சுகர் இருக்குன்னு ஒரு நர்சரில சிறுகுறிஞ்சான் கேட்டேன், சர்க்கரைக்கொல்லிதான் சார் இதுன்னு ஒரு கொடி எடுத்து குடுத்தாங்க. இப்ப அது மாடி கிரில் பூரா ஏறி பக்கத்து வீட்டு வேப்பமரத்தை புடிச்சிருச்சு. இலை எதிரெதிரா ஜோடியா வருது, உள்ளங்கை அகலம், நுனி கூர்மை, காம்பை கிள்ளினா பால். இந்த மாசம் மொத தடவையா பூத்திருக்கு, இலை கலர்லயே பச்சை பூ, கொத்து கொத்தா தொங்குது, கிட்ட போனாதான் பூன்னே தெரியுது. பக்கத்து வீட்டு அக்கா வேலிப்பருத்திங்கறாங்க. காய வச்சு பொடி பண்ணி அப்பாவுக்கு குடுக்கலாமா?

ராஜபாளையத்தான்:
இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை, ரெண்டு இலைய மென்னுட்டு சக்கரைய வாயில போடுங்க. மண்ணு மாதிரி இருந்தா சிறுகுறிஞ்சான், இனிச்சா இல்ல. அவ்ளோதான்.

கொடிப்பித்து:
அண்ணே, டெஸ்ட் சரிதான், ஆனா பேரு தெரியாத பால்கொடிய கடிச்சு பாக்க சொல்லாதீங்க ப்ளீஸ். எருக்கு, நன்னாரி, வேலிப்பருத்தி எல்லாம் முன்னாடி ஒரே குடும்பம், இப்ப அதை அப்படியே அரளி குடும்பத்துக்குள்ள சேத்துட்டாங்க. இதுல நன்னாரி மாதிரி சர்பத் போடறதும் இருக்கு, அரளி மாதிரி ஆளைக் கொல்றதும் இருக்கு. பால் கண்ணுல படாமயும் பாத்துக்கணும்.

சேலம் சார், நீங்க சொல்றத வச்சு பாத்தா அது பெருங்குறிஞ்சான், கொடிப்பாலைன்னும் சொல்வாங்க. சிறுகுறிஞ்சான் இலை சின்னது, உள்ளங்கை அளவுக்கெல்லாம் வராது, பூவும் பொடிப்பொடியா மஞ்சளா இலைக்கக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். வேலிப்பருத்தின்னா இலை இதய வடிவம், கசக்கினா ஒரு நாத்தம் அடிக்கும், பூ வெளிறுன வெள்ளையா இதழ் ஓரத்துல முடியோட இருக்கும். உங்க பூவ ஒண்ணு பறிச்சு கிட்ட வச்சு பாருங்க, அஞ்சு இதழும் தட்டையா விரிஞ்சு நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு மேடு இருக்கா? இந்த கூட்டத்துல மகரந்தம் பொடியா உதிராது, அந்த மேட்டுக்குள்ள மெழுகு பொட்டலமா ஜோடி ஜோடியா இருக்கும், தேன் குடிக்க வர்ற பூச்சி கால்ல மாட்டிக்கிட்டு அடுத்த பூவுக்கு போகும். அதான் அவ்ளோ பூ பூத்தும் காய் கொஞ்சமா புடிக்கும்.

காய் வந்துட்டா சந்தேகமே வேண்டாம். வேலிப்பருத்தி காய் மேல மெத்து மெத்துனு முள்ளு, சிறுகுறிஞ்சான் ஒல்லியா கூரா இருக்கும், பெருங்குறிஞ்சான் தடியா நுனி மழுங்கி இருக்கும்.

சேலத்து மாடி:
மேடு இருக்கு சார்! அப்ப ஏமாத்திட்டாங்க. புடுங்கி போட்டுடவா?

கொடிப்பித்து:
ஐயோ வேண்டாம். நீல வரியன் பட்டாம்பூச்சி இந்த கொடில முட்டை போடும், புழு இலைய தின்னுதேன்னு மருந்து மட்டும் அடிச்சிராதீங்க. மழைக்கு முன்னாடி கொஞ்சம் கழிச்சு விடுங்க, இல்லன்னா வேப்பமரத்தை மூடிரும். விதை வேணும்னா காய் முத்தினதும் நூலால கட்டி வைங்க, வெடிச்சா பஞ்சோட பறந்துரும்.

யாழ்_தோட்டம்:
எங்கட பக்கம் குறிஞ்சா எண்டு சொல்லுறது இந்தப் பெரிய இலைக் கொடியைத்தான். கொழுந்து இலையை நூல் மாதிரி அரிஞ்சு வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்வம், நல்ல கைப்பு, ஆனா சோத்தோட சோக்கா இருக்கும். அதுக்காக நான் சொன்னனான் எண்டு உடன சமைச்சுப் போடாதேங்கோ, ஆரும் செடி தெரிஞ்ச ஆளிட்ட நேரில காட்டி உறுதிப்படுத்துங்கோ.

சித்தா ஸ்டூடண்ட்:
அப்பா விஷயம் மட்டும் சொல்றேன். நிஜ சிறுகுறிஞ்சான் கிடைச்சாலும் சுகர் மாத்திரையோட சேத்து நீங்களா குடுக்காதீங்க, ரெண்டும் சேந்து சுகர் ஒரேடியா இறங்கிரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான். அப்புறம் சக்கரை மண்ணு மாதிரி தெரியறது நாக்கு சமாச்சாரம், அந்த இலைச்சத்து இனிப்பு தெரியற இடத்துல போய் உக்காந்துக்கும், அரை மணி ஒரு மணி நேரத்துல சரியாயிரும், புளிப்பு உப்பெல்லாம் வழக்கம்போல தெரியும். இனிப்பு தெரியலன்னா ரத்தத்துல சுகர் கொறஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. செடி வேணும்னா விதைய நம்பாதீங்க, பூத்து பாத்த கொடிலருந்து மூணு நாலு கணு இருக்கற குச்சியா வாங்கி நிழல்ல வேர் புடிக்க வைங்க.