மறு: ‘பிராக்கெட்’ என்பதற்குத் தமிழில் ஆட்டக்கிளை, கிளைத்தாள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு நண்பர்களுக்குள் ஆண்டுதோறும் நடத்தும் கணிப்பு விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுத முனைந்து, சுற்றுக்குச் சுற்று எந்த அணி எதனோடு மோதும் என்பதைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் வரைபடத்துக்கான ‘பிராக்கெட்’ என்ற சொல்லிலேயே நான் தடுக்கி நின்றதை முதல் மடலில் சொல்லியிருந்தேன். இதுவரை ‘அடைப்பு’, ‘ஆட்ட அட்டவணை’, ‘கிளைநிரல்’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன.

இரண்டு அணிகளின் பெயர்களை இணைக்கும் கோடு சதுர அடைப்புக்குறிபோல் இருப்பதால் ஆங்கிலத்தில் அப்பெயர் அமைந்தது. தமிழிலோ ‘அடைப்பு’ வடிவத்தைக் குறிக்கவில்லை, அடைக்கும் செயலைக் குறிக்கிறது. ‘முதல் நாளே என் அடைப்பு உடைந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினால் சாக்கடைக் குழாயைச் சரிசெய்ய ஆள் அனுப்பத்தான் தோன்றும். ‘அட்டவணை’ தவறில்லை, ஆனால் எந்த ஆட்டம் எந்த நாளில் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நாம் பெயரிட வேண்டிய பொருளின் உயிர்நிலை, முந்தைய சுற்றில் வென்ற அணி மட்டுமே அடுத்த கட்டத்துக்குள் வரமுடியும் என்ற சார்புதான்.

இதை எனக்கு விளங்கவைத்தவர் 2023இல் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார். 1985 முதல் 64 அணிகளோடும், 2011 முதல் தகுதிச் சுற்றையும் சேர்த்து 68 அணிகளோடும் நடந்துவந்த ஆடவர் போட்டியில், நாங்கள் தகுதிச் சுற்றை விட்டுவிட்டு 63 ஆட்டங்களுக்கு மட்டும் கணிப்புக் கேட்போம். முதல் சுற்றில் ஒரு சரியான கணிப்புக்கு ஒரு புள்ளி, பிறகு சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகி இறுதியாட்டத்துக்கு 32. ஒவ்வொரு சுற்றுக்கும் 32 என மொத்தம் 192 புள்ளிகள். மாமனார் பர்டூ அணியின் ஏழடி நான்கு அங்குல உயர ஆட்டக்காரர் சாக் ஈடியைத் தொலைக்காட்சியில் பார்த்த மாத்திரத்தில், அந்த அணியே கோப்பையை வெல்லும் என்று ஆறு கட்டங்களிலும் பென்சிலால் அதன் பெயரை எழுதிவிட்டார். அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமைப்படி 1 முதல் 16 வரை தரநிலை தருவார்கள். முதல் தரநிலையில் இருந்த அந்த அணியோ முதல் ஆட்டத்திலேயே, தன் மண்டலத்தின் 16ஆம் தரநிலையில் இருந்த ஃபேர்லீ டிக்கின்சன் அணியிடம் 63-58 எனத் தோற்றது. ஆடவர் போட்டியில் முதல் தரநிலை அணியை 16ஆம் தரநிலை அணி வீழ்த்துவது அது இரண்டாம் முறைதான். 2018இல் வர்ஜீனியா அப்படித் தோற்றதே முதல் முறை. ஒரே ஆட்டத்தில் அவருடைய 63 புள்ளிகள் போயின. ஆறு கட்டங்களையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே, “கொப்பே முறிஞ்ச பிறகு காய்க்கு ஏது கணக்கு, மாப்பிள்ளை?” என்றார்.

ஆகவே ‘கிளை’ இருக்கட்டும் என்பது என் கருத்து. மரம் அடியிலிருந்து விரிகிறது, இதுவோ 64 நுனிகளிலிருந்து ஒன்றை நோக்கிக் குறுகுகிறது என்ற மறுப்பு எழலாம். அடிமரத்தில் வாகையரை வைத்து நுனியிலிருந்து படித்தால் அது தீர்ந்துவிடும். ‘கிளைநிரல்’ என்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு: கணித்தமிழில் ‘நிரல்’ புரோகிராமுக்கு நிலைத்துவிட்டது, இந்தக் குழுவிலேயே பாதிப்பேர் அதைத் துணைநிரல் என்றுதான் படிப்பார்கள்.

ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டு பொருள்களையும் நாம் பிரித்துவிடலாம். போட்டியை நடத்துவோர் வெளியிடும் அமைப்பு ‘ஆட்டக்கிளை’. அதை வைத்து ஒவ்வொருவரும் தம் கணிப்பை நிரப்பித் தருவது ‘கிளைத்தாள்’. தாள் என்றால் நெற்பயிரின் தண்டும்தான் என்பது எதிர்பாராமல் கிடைத்த பொருத்தம். ‘பர்டூ தோற்றதும் என் கிளை முறிந்தது’, ‘கிளைத்தாளை வியாழன் காலைக்குள் அனுப்புக’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன்; எங்கும் இடறவில்லை. எதிர்பாராத முடிவுகளுக்கு நாளிதழ்களின் ‘அதிர்ச்சித் தோல்வி’யே போதும், புதுச்சொல் வேண்டாம்.

மார்ச் மாதத்தில் அணிகள் அறிவிக்கப்படும் ஞாயிறு மாலைக்கும் முதல் சுற்று தொடங்கும் வியாழன் நண்பகலுக்கும் இடையில்தான் தாளை நிரப்பமுடியும் என்பதால், விதிப்பக்கத்தை அந்த ஞாயிற்றுக்கு முன்பே அச்சிட வேண்டியிருக்கிறது. மறுப்பிருந்தால் அதற்குள் இவ்விழையில் எழுதுங்கள்.

அன்புடன்.