குழாய் தள்ளும் குழி: பின்சுவரில் ஒரு கண், முன்சுவரில் ஒரு கண்

சாலையை வெட்டாமல், ஒரு குழியில் இருந்தபடி ஜாக்கியால் குழாயை மண்ணுக்குள் தள்ளிக் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை என்றால் எல்லோரும் குழாய்க்கு முன்னால் மண்ணைத் தோண்டிப் போகும் எந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை தலைவலி முழுவதும் குழியில்தான் இருக்கிறது. கட்டட அடித்தளத்துக்குக் குழி வடிவமைத்துப் பழகியவர்கள் அதே கணக்கை இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அங்கே நான்கு பக்கமும் மண் உள்ளே தள்ளுகிறது, நாம் முட்டுக் கொடுத்துத் தாங்குகிறோம். இங்கே ஜாக்கி பின்சுவரில் சாய்ந்துதான் குழாயை முன்னால் தள்ளுகிறது, அதனால் பின்சுவரை நாமே மண்ணுக்குள் தள்ளுகிறோம். குழாய் வெளியேற முன்சுவரை நாமே வெட்டித் திறக்கிறோம்.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மணல் பூமி, ஒன்றரை மீட்டரில் தண்ணீர், குழி ஆழம் 7 மீட்டர். வெளிவிட்டம் 1.45 மீட்டர் உள்ள கான்கிரீட் குழாயை 100 மீட்டர் தள்ள வேண்டும். குழாயின் வெளிப்பரப்பு சுமார் 455 சதுர மீட்டர். உராய்வைக் குறைக்கக் குழாயைச் சுற்றிச் செலுத்தும் பென்டோனைட் களிமண் குழம்பு ஒழுங்காகப் போனால் சதுர மீட்டருக்கு அரை டன் உராய்வு என்று வைத்துக்கொள்ளலாம். எந்திரத்தின் முகப்பில் மண் தரும் எதிர்ப்பையும் சேர்த்தால் 250 டன் வருகிறது. குழம்பு சரியாகப் பரவாவிட்டால் இது இரண்டு மடங்காவதற்கு அதிக நேரம் ஆகாது.

வரைபடத்தில் ஷீட் பைல் (மண்ணில் அடித்து இறக்கும் இரும்புத் தகட்டுச் சுவர்), முட்டுச் சட்டம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பின்சுவருக்கு மட்டும் மூன்றுக்கு மூன்று மீட்டர் கான்கிரீட் என்று ஒரே ஒரு வரி. 250 டன்னை 9 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 28 டன். அந்தச் சுவரின் நடு ஆழமான ஐந்தரை மீட்டரில், தண்ணீருக்குக் கீழ் எடை குறைந்த மணல் தள்ளலை எதிர்த்துத் தரக்கூடிய அதிகபட்ச அழுத்தம், மணலின் வலிமையைக் காட்டும் உராய்வுக் கோணம் 30 பாகை என்றால், சதுர மீட்டருக்குச் சுமார் 19 டன். நீரழுத்தத்தையும் கூட்டினால் 23. காப்புக் காரணி என்று பேசவே இடமில்லை. சுவரைச் சுற்றி விசை பரவுவதால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். அதை நம்பி வேலையைத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

பாதி தூரம் போனபோதே தெரிந்துவிட்டது. குழாயை இறக்க நடுவில் இடம் வேண்டும் என்பதால் முட்டுகளை மூலைக்கு மூலை சாய்வாகக் கொடுத்திருந்தார்கள். பின்சுவர் வெளிப்பக்கம் நகர நகர, பின்மூலைச் சட்டங்களில் இறுக்கம் போய், ஓர் இரும்பு ஆப்பு கழன்று கீழே விழுந்தது. ஆளுக்கு அடி படவில்லை. ஜாக்கியை நிறுத்தியதும் மண் திரும்ப உள்ளே அழுத்துகிறது. அந்த நேரத்தில் ஆப்பு இல்லாத சட்டம் இருந்தும் பயனில்லை. மேலே போய்ப் பார்த்தால் குழிக்குப் பின்னால் தார்ச்சாலை மெல்ல உப்பியிருந்தது. பிறகு சுவரை நாலரைக்கு மூன்றரை மீட்டராக அகலப்படுத்தி, பின்னால் கிரவுட் (மண்ணை இறுக்கும் சிமென்ட் கலவை) செலுத்தி, ஆப்புகளைப் பற்றவைத்த பின்தான் மீதியைத் தள்ளினார்கள்.

*

மேலே எழுதியவருடையது மணல். நான் இருப்பது சிங்கப்பூரில், இங்கே கடற்களிமண். பின்சுவருக்கு முன்பே, குழியின் அடித்தரை மேலெழும்புமா என்று பார்த்தாக வேண்டும். களிமண்ணின் வலிமை சதுர மீட்டருக்கு 2 டன், குழி ஆழம் 8 மீட்டர் என்று வையுங்கள். வெளியே மண் எடையும் மேல்சுமையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 14 டன் அளவில் அழுத்துகிறது. தாங்கும் எண் (களிமண்ணின் வலிமையைப் போல எத்தனை மடங்கு தாங்கும் என்பது) 7 என்றால் அடிமண் தாங்குவதும் அதே 14 டன்தான், மிச்சமே இல்லை. முட்டு எத்தனை வரிசை கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அடியில் சிமென்ட் கலந்து மண்ணைக் கெட்டிப்படுத்துவது ஒரு வழி. சுவரைக் கெட்டியான மண் வரை இறக்குவது இன்னொன்று.

என்னைக் கேட்டால் வட்டக் குழியே மேல். கிராமத்தில் உறைகிணறு இறக்குவது போல, உள்ளே தோண்டத் தோண்டக் கான்கிரீட் வளையம் தன் எடையிலேயே இறங்கும். உள்ளே முட்டே வேண்டாம். ஆனால் வளைந்த சுவரில் ஜாக்கி சாய, தட்டையான கான்கிரீட் முகம் ஒன்று வார்த்தாக வேண்டும். அதை மறந்துவிட்டு வட்டம் சின்னதாக இருந்தால் போதும் என்பவர்களோடு எனக்கு ஓயாத சண்டை.

முட்டுக்கும், சுவரை ஒட்டி ஓடும் உத்தரத்துக்கும் உள்ள இணைப்பை இங்கே ஆய்வாளர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கால் நெடுஞ்சாலை அருகே மெட்ரோ குழி சரிந்து நால்வர் இறந்தார்கள். அந்த இணைப்பு தாங்காமல் போனதுதான் தொடக்கம்.

*

இருவரும் முன்சுவரை விட்டுவிட்டீர்கள். எந்திரம் வெளியேற சுவரை வெட்டும் நேரம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். எந்திரத்தைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க ரப்பர் வளையம் பொருத்தியிருப்பார்கள். ஆனால் எந்திரம் அதற்குள் நுழையும்வரை அந்த ஓட்டைக்குப் பின்னால் நிற்பது கிரவுட் போட்ட மண் மட்டும்தான். அதனால் வெட்டும் முன் சுவரில் சிறு துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வால்வு வைத்த குழாயைச் செருகச் சொல்வேன். அடியில் ஒன்று கட்டாயம். தெளிந்த தண்ணீர் கசிந்தால் அளவைக் குறித்துக்கொண்டு பொறுத்துப் பார்க்கலாம். மணலோடு வந்தால் வால்வை மூடிவிட்டு மறுபடி கிரவுட். ஒப்பந்ததாரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அன்று சுவரில் கை வைக்க விடமாட்டேன்.