பட்ஜெட் தாமதமாகும்போது மானியப் பணம் வருமா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நியூயார்க் மாநில மானியத்தில் நடக்கும் சிறிய முதியோர் பராமரிப்பு மையம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். இங்கே நிதியாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால், ஆளுநர் அனுப்பும் அவசர நிதி மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றி, சில நாட்களுக்கோ ஒரு வாரத்துக்கோ செலவை ஓட்டுகிறார்கள். காலம் முடிந்தால் இன்னொரு மசோதா. 2025-இல் மே வரை இப்படியே இழுத்தது; 2010-இல் பட்ஜெட் முழுதாக முடிய ஆகஸ்ட் ஆனது.

மாநில ஊழியர்களின் சம்பளத்துக்கு அதில் வழி இருக்கிறது, சரி. எங்களைப் போல ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு? போன மாதச் செலவுக்கான பில்லை அனுப்பிவிட்டோம், பதில் இல்லை. சமையல் செய்பவரும் வண்டி ஓட்டுநரும் சம்பளத் தேதியைக் கேட்கிறார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்ல மனசு வரவில்லை.

பழைய ஆண்டு ஒப்பந்தத்தின் பாக்கி இந்தத் தற்காலிக நிதியில் வருமா? மசோதாவில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்? இடைப்பட்ட வாரங்களுக்கு வங்கிக் கடன் வாங்கியவர்கள் இருந்தால், அந்த வட்டியை மாநிலம் ஈடுகட்டியதா என்றும் சொல்லுங்கள். அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பெரிய உதவி.