வரிசை எண்ணிலிருந்து யூகிக்க முடியாத செஷன் ஐடி: எம்டி5 போதுமா?

கேள்வி:
எங்கள் தளத்தில், உள்நுழைந்தவர் யார் என்று குறித்துவைக்கும் செஷன் அட்டவணையின் ஐடி தானாக ஏறும் எண். அதையே குக்கியிலும் (உலாவி சேமித்துவைத்து ஒவ்வொரு முறையும் தளத்துக்குத் திருப்பி அனுப்பும் சிறு தகவல்) அனுப்பிவந்தோம். நேற்று உடன் வேலை செய்பவர் தன் குக்கியில் இருந்த 48210ஐ 48209 என்று மாற்றிப் பக்கத்தைப் புதுப்பித்தார். வேறொருவரின் கணக்கு திறந்துகொண்டது! பதறிப்போய் இரவோடிரவாக எண்ணை எம்டி5 ஹேஷ் (எதைக் கொடுத்தாலும் ஒரே நீள எழுத்துச் சரமாக்கும் கணக்கு) ஆக்கிவிட்டேன். 32 எழுத்துகள், பார்க்கத் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. போதுமா?

பதில் 1:
போதாது. ‘1’ என்பதன் எம்டி5 ‘சி4சிஏ4238’ என்று தொடங்கும். யார் கணக்கிட்டாலும் அதுவேதான் வரும். ஒருவர் 1 முதல் 1,00,000 வரை ஹேஷ் செய்து தன் குக்கியோடு ஒப்பிட்டால் உங்கள் சூட்சுமம் வெளிப்பட்டுவிடும். சாதாரண மடிக்கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை.

கேட்டவர்:
ரகசியச் சாவி சேர்த்து ஹேஷ் செய்யும் எச்மேக் போட்டால்?

பதில் 2:
யூகிக்க முடியாதுதான். ஆனால் சாவி கசிந்த அன்று, கொடுத்த ஐடி, கொடுக்கப்போகும் ஐடி எல்லாவற்றையும் கசியவிட்டதாகிவிடும். எண்ணிலிருந்துதான் ஐடி பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? எண் அட்டவணைக்குள்ளேயே கிடக்கட்டும். பக்கத்தில், குக்கியில் அனுப்ப வேண்டிய டோக்கனுக்கு ஒரு பத்தி சேர்த்து, இயங்குதளம் தரும் பாதுகாப்பான ரேண்டம் பைட்டுகள் 16 எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் அதற்கு செக்ரெட்ஸ் மாட்யூல் இருக்கிறது. ரேண்டம் மாட்யூல் பக்கமே போகாதீர்கள். அதற்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற, பாதுகாப்புக்கு ஆகாத எண் உருவாக்கி. 32 பிட் வெளியீடுகள் 624 தொடர்ந்து கிடைத்தால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம்.

பதில் 1:
ரேண்டம் எண்களுக்கு நேரத்தை விதையாக (தொடக்க மதிப்பாக) போடும் ஆசையும் வேண்டாம். நேரத்தையும் பிராசஸ் எண்களையும் நம்பி 1995இல் நெட்ஸ்கேப் உலாவியே மாட்டிக்கொண்டது.

கேட்டவர்:
பைத்தான்தான். ஒரே டோக்கன் இருவருக்கு வந்துவிட்டால்?

பதில் 2:
16 பைட், அதாவது 128 பிட்டில் அந்தக் கவலைக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். யுனீக் இண்டெக்ஸ் மட்டும் போட்டுவையுங்கள். மோதினால் பதிவு ஏறாது, வேறொன்று எடுக்கலாம். அட்டவணையில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை வையுங்கள். பேக்கப் திருடுபோனாலும் அதைக் குக்கியாகப் பயன்படுத்த முடியாது. உள்நுழைந்தவுடன் புது டோக்கன் கொடுக்கவும் மறக்காதீர்கள். முன்பே ஒருவர் திணித்துவைத்த ஐடி அப்போது செல்லாமல் போகும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். பழைய செஷன்கள் அனைத்தையும் அழித்ததில், மறுபடி உள்நுழையச் சொல்கிறதே என்று காலையிலிருந்து ஏச்சு வாங்குகிறேன். குக்கியில் 48209 போட்டுப் பார்த்தேன். உள்நுழைவுப் பக்கம்தான் வருகிறது.