முதல் முறையாகக் கூஸ் வாத்து வளர்க்கிறேன்: தீவனம், தண்ணீர், தினசரி வேலை எப்படி?

ஈரமண்:

வணக்கம். என்னிடம் நான்கு கூஸ் வாத்துக் குஞ்சுகள் இருக்கின்றன, இன்றோடு 9 நாள் வயது. முன்பு கோழி வளர்த்த அனுபவம் உண்டு, அந்தத் தைரியத்தில்தான் வாங்கினேன், ஆனால் தின்கிற வேகம், குடிக்கிற தண்ணீர், போடுகிற எச்சம் எதுவுமே கோழிக்குஞ்சு மாதிரி இல்லை. இப்போதைக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம்தான் கொடுக்கிறேன், தட்டு காலியானால் உடனே நிரப்பிவிடுகிறேன். தண்ணீரும் கோழிக்குஞ்சுக்கு வைக்கிற அதே கவிழ்த்து வைக்கும் குடுவையில்தான். பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டிருக்கிறேன்.

கவலை என்னவென்றால், நான்கில் ஒன்று நேற்றிலிருந்து இரண்டடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. மற்றவை தட்டுக்கு ஓடிவரும்போது இது படுத்தபடியே கழுத்தை நீட்டித் தின்கிறது. கண் தெளிவாக இருக்கிறது, பசியும் குறையவில்லை. காலில் காயம் எதுவும் தெரியவில்லை.

இதற்கு என்ன செய்வது? அப்புறம் புல் எப்போதிலிருந்து கொடுக்கலாம், குளிக்க எப்போது விடலாம், பெரிதான பிறகு அன்றாட வேலை எப்படி இருக்கும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நாணல்:

முதலில் அந்தக் குஞ்சைப் பார்ப்போம், மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

செய்தித்தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கூஸ் குஞ்சின் எச்சம் தண்ணீராக இருக்கும், அது பட்டதும் தாள் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்துபோனால் இந்த வயதில் திருத்துவது கடினம். பழைய துண்டு, சொரசொரப்பான ரப்பர் விரிப்பு, இல்லையென்றால் நறுக்கிய வைக்கோல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். நைசான மரத்தூள் வேண்டாம், முதல் இரண்டு வாரம் அதையும் தீவனம் என்று நினைத்துத் தின்னும்.

அடுத்தது தீவனம். கோழிக்குஞ்சைவிட வாத்து இனக் குஞ்சுகளுக்கு நியாசின், அதாவது வைட்டமின் பி3, நிறையத் தேவை. கோழித் தீவனத்தில் இருக்கிற அளவு இவற்றுக்குப் போதாமல் போவது சகஜம். குறைந்தால் முதலில் கால்தான் காட்டிக்கொடுக்கும். நடக்கத் தயங்கும், அடிக்கடி உட்காரும், மூட்டு தடிக்கும், கவனிக்காமல் விட்டால் கால் வில் மாதிரி வளைந்துவிடும். நீங்கள் சொல்கிற அடையாளம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி (பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்டின் உலர்ந்த பொடி, நியாசின் நிறைய இருக்கும்) வாங்கி ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கலந்து நான்குக்குமே கொடுங்கள். ரொட்டி சுடப் பயன்படுத்தும் உயிருள்ள ஈஸ்ட் இதற்கு ஆகாது. தீவனத்தைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பொடி அடியில் தங்காது. மூன்று நாளில் முன்னேற்றம் தெரியவில்லை என்றாலோ, மூட்டு சூடாக வீங்கியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். கால் நோவுக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

தீவன மூட்டையின் சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கோழிக்கென்று மருந்து கலந்த தீவனங்கள் உண்டு, அதில் சில மருந்துகள் வாத்து இனத்துக்கு ஆகாது. இவை கோழியைவிட அதிகம் தின்பதால் மருந்தும் கூடுதலாக உள்ளே போகும். மருந்து இல்லாத ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுகளுக்கான முதல் கட்டத் தீவனம்தான் வேண்டும், புரதம் 20 சதவீதம் அளவில். அதுவும் மூன்று வாரம் வரைக்கும்தான், அதன் பிறகு 15, 16 சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

சூடு முதல் வாரத்தில் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறையுங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கரையோரம்:

நாணல் சொன்னது எல்லாம் சரி. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கோழியிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான்.

அந்தக் குடுவையை மாற்றுங்கள். அதன் ஓரத்தில் அலகு நுனிதான் நனையும். கூஸுக்கு மூக்குத் துளை முழுகும் அளவு ஆழம் வேண்டும், தலையை உள்ளே விட்டுக் கண்ணைக் கழுவ முடிந்தால் இன்னும் நல்லது. தின்ற மாவு மூக்கில் ஒட்டிக் காய்ந்துவிடும், அதைத் தினமும் கழுவ வழி இல்லையென்றால் மூக்கு அடைத்து, கண் ஓரத்தில் நுரை கட்டி நோயாகிவிடும். குஞ்சு உள்ளே இறங்க முடியாதபடி, தலை மட்டும் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பா நல்ல வழி. நான் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் பக்கவாட்டில் மூன்று ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி வைத்திருக்கிறேன். தரையில் ஈரம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றை மறக்கவே கூடாது. தீவனம் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். ஒரு வாய் தின்று ஒரு வாய் குடிப்பதுதான் இவற்றின் பழக்கம், காய்ந்த மாவு தொண்டையில் அடைத்தால் கண்ணெதிரே மூச்சுத் திணறும். இரவில் தண்ணீரை எடுத்தால் தீவனத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

நீச்சலுக்கு அவசரம் வேண்டாம். தாயோடு வளர்கிற குஞ்சு தாயின் இறகோடு உரசி எண்ணெய் பூசிக்கொள்ளும், அதனால் சின்ன வயதிலேயே நீந்துவதைப் பார்க்கிறோம். உங்கள் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. தூவி நனைந்து, உடம்பு சில்லிட்டு, ஏற முடியாமல் அதே தொட்டியில் செத்துப்போகவும் கூடும். இரண்டு வாரம் ஆனதும் வெயில் நேரத்தில், வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருந்து விடலாம். பிறகு துடைத்துச் சூட்டில் விடுங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் உண்மையான இறகு நிரம்பிய பிறகு அவற்றின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

கோரைப்புல்:

"தட்டு காலியானால் உடனே நிரப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கும் முதல் தடவை அப்படித்தான். ஆறு குஞ்சுகள், நன்றாகத் தின்கின்றனவே என்ற சந்தோஷத்தில் ஸ்டார்ட்டர் தீவனத்தையே ஏழு வாரம் வரை கணக்கில்லாமல் போட்டேன். ஐந்தாவது வாரத்தில் ஒன்றின் இடது இறக்கை நுனி உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தொங்கியது. இறகு முளைக்கிற காலத்தில் அதன் குருத்தில் ரத்தம் ஓடும், கனமாக இருக்கும், அதனால் கொஞ்சம் தொங்குவது இயல்பு என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் அந்த நுனி அப்படியே வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது, முதுகிலிருந்து ஈட்டி நீட்டிக்கொண்டிருப்பது போல. இதை ஏஞ்சல் விங் என்கிறார்கள். உடம்பு வேகமாகப் பெருத்து, இறகின் கனத்தை மணிக்கட்டு மூட்டு தாங்க முடியாமல் திருகிப்போகிறது. ஏழாவது வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது, அதற்குள் எலும்பு இறுகிவிட்டது. அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, நலமாக மேய்கிறது, ஆனால் அந்த இறக்கையைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. பார்த்த அன்றே இறக்கையை இயல்பாக மடித்து, தன்மேலேயே ஒட்டிக்கொள்கிற கட்டுத்துணியால் நான்கைந்து நாள் சுற்றி, தீவனத்தையும் குறைத்திருந்தால் சரியாகியிருக்கும். தினமும் ஒருமுறை அவிழ்த்து, ரத்த ஓட்டம் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் மூன்றாவது வாரத்திலிருந்து புல்தான் சாப்பாடு, தீவனம் அதற்குத் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், பதினைந்து இருபது நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. நடுவில் கத்தினால் புல்லில் விடுங்கள். புல்லை இப்போதே, இந்த வயதிலேயே தொடங்கலாம். இளசாக, விரல் நீளத்துக்குள், மருந்து தெளிக்காத இடத்துப் புல்லாக இருக்க வேண்டும். நீளமான முற்றிய புல்லை அறுத்துக் கொட்டாதீர்கள், விழுங்கினால் தொண்டைப் பையில் பந்து மாதிரி சுருண்டு அடைத்துவிடும். வேரோடு நிற்கிற புல் என்றால் அதுவே நுனியை மட்டும் கடித்துக்கொள்ளும். கூடவே ஒரு கிண்ணம் கரடுமுரடான மணல். பல் இல்லாத பறவை, வயிற்றில் அரைக்கக் கல் வேண்டும்.

ஈரமண்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐந்து நாள் ஆகிவிட்டது, நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாளை எடுத்துத் துண்டு விரித்தேன், ஈஸ்ட் பொடி கலந்தேன், வாளியில் ஓட்டை போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அந்தக் குஞ்சு நின்றபடியே தண்ணீர் குடித்தது. இன்று மற்ற மூன்றுக்கும் பின்னால் ஓடுகிறது, கொஞ்சம் அகட்டி வைத்துத்தான், ஆனால் ஓடுகிறது.

நேற்று முதல் முறை புல்லில் விட்டேன். கோழி கொத்துவது மாதிரி இல்லை, புல்லை அலகின் ஓரத்தில் கவ்விக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி அறுக்கின்றன. கிட்டே உட்கார்ந்தால் சர்க் சர்க் என்று சத்தமே கேட்கிறது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிதான பிறகு ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

நாணல்:

நல்ல செய்தி. ஈஸ்டை நிறுத்திவிடாதீர்கள், பத்து வாரம் வரை போகட்டும்.

வளர்ந்த கூஸுக்கு வேலை குறைவு, ஆனால் நேரம் தவறக் கூடாது. காலையில் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், யார் கடைசியாக வருகிறது, யார் காலை ஊன்றவில்லை, எச்சத்தின் நிறம் என்ன என்று. தண்ணீரைக் கொட்டி வாளியைத் தேய்த்து நிரப்புங்கள், அரைநாளில் மறுபடி சேறாக்கும், மறுபடி மாற்ற வேண்டும். பிறகு நாள் முழுக்க மேய்ச்சல். தின்றது இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், அதனால் ஓயாமல் மேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் புல்லும் போகும், குடல் புழுவும் சேரும், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மாலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கோதுமையைத் தண்ணீர் வாளியில் போட்டால் தானாகக் கொட்டகைக்கு வந்து சேரும். புல் காய்ந்த பருவத்தில் ஒரு பறவைக்கு நாளுக்கு 150 முதல் 200 கிராம் வரை தீவனம் தேவைப்படும். முட்டையிடும் காலத்தில் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில்.

ரொட்டி வேண்டாம், வயிறு நிரம்பும், சத்து இல்லை. பூசணம் பிடித்த தானியம் ஒரு மணிகூட வேண்டாம். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், உப்புத் தின்பண்டம் கிட்டேயே வரக் கூடாது.

இரவில் கட்டாயம் பூட்டுங்கள். நாயும் நரியும் ஒரு நாள் மறதிக்காகத்தான் காத்திருக்கும். உள்ளே ஏறி உட்காரக் கம்பு தேவையில்லை, தரையில்தான் படுக்கும், அதனால் வைக்கோல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் நின்றால் பாதத்தில் புண் வரும்.

கரையோரம்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மேயும் இடத்தில் ஆணி, கம்பித் துண்டு, திருகு எதுவும் கிடக்கக் கூடாது, மினுக்கினால் விழுங்கிவிடும், வயிற்றில் துத்தநாகமோ ஈயமோ கரைந்து விஷமாகும். என்னுடைய ஒன்று வேலி கட்டிய மறுநாள் வெட்டிப்போட்ட கம்பித் துண்டைத் தின்று நான்கு நாளில் போய்விட்டது. வேலி வேலை செய்தால் காந்தம் கட்டிய குச்சியோடு ஒருமுறை தரையைத் துழாவிவிடுங்கள்.

தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், இறக்கையில் தொங்கவிடாதீர்கள். இறக்கை இரண்டையும் உடம்போடு அணைத்து, அடியில் கை கொடுத்து, தலை உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி இடுக்கிக்கொண்டால் கடிக்காது.

ஈரமண்:

அந்தத் தலை விஷயம் நேற்றே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் ஒரு சந்தேகம், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் துரத்தும் என்கிறார்களே?

கோரைப்புல்:

துரத்தும் அண்ணா. கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும். ஓடாதீர்கள், ஓடினால் மறுநாளும் வரும். அடிக்கவும் வேண்டாம். நின்ற இடத்தில் நின்று, கையை இரண்டு பக்கமும் அகல விரித்து, அதன் பக்கம் மெதுவாக ஓரடி வையுங்கள், அதுவே ஒதுங்கிப் போகும். அடைக்கு உட்கார்ந்த பெண்ணுக்கும் அதற்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள், முட்டை பொரிக்கிற அந்த 28 முதல் 31 நாள் வரை தண்ணீரையும் தீவனத்தையும் கொஞ்சம் தள்ளியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் தனியாக விடாதீர்கள்.